அப்பாவைப் பார்த்துக்க மாசம் எவ்வளவு ஆகும்? முதியோர் இல்லக் கட்டணத்தை நீங்களே கணக்குப் போடலாம்!

பிள்ளையார்பாளையத்தில் தறிச் சத்தம் கேட்டு வளர்ந்தவரா நீங்க? அப்படின்னா பட்டுப்புடவைக்கு எப்படி விலை வைக்கிறாங்கன்னு உங்களுக்குச் சொல்லித்தர வேண்டாம். பட்டு எவ்வளவு, ஜரிகை எவ்வளவு, கூலி எவ்வளவு என்று தனித்தனியாகப் போட்டுக் கூட்டினால்தான் விலை.

ஆனா, குழித்தறியில் 40 வருஷம் உட்கார்ந்த அப்பா பக்கவாதத்தில் படுத்துட்டா, 'மாசம் 15,000, எல்லாம் அடக்கம்' என்று வாட்ஸ்அப்பில் வரும் ஒற்றை வரியை நம்பி அட்வான்ஸ் கட்டிடுறோம். மூணாவது மாசம் பில் ஏறும்போது அண்ணன் தங்கைக்குள் சண்டை. அதுக்கு முன்னாடியே கணக்கைப் பிரிச்சுப் பாருங்க.

அமெரிக்காவில் எப்படி?

அங்கே 1965-ல் 'மெடிக்கெய்ட்' திட்டம் வந்தது. வருமானம் குறைந்தவர்கள் நீண்டகாலப் பராமரிப்பு இல்லத்தில் தங்கினால், இந்த அரசுத் திட்டமே இல்லத்துக்குப் பணம் கொடுக்கும். ஒரு நாளைக்கு இவ்வளவு என்று ஒவ்வொரு மாநிலமும் ரேட் நிர்ணயிக்கும். பல மாநிலங்கள் இல்லங்களின் செலவுக் கணக்கை வாங்கி, ஆள் செலவு, கட்டடச் செலவு, நிர்வாகச் செலவு எனப் பிரிக்கின்றன. அதிக உதவி தேவைப்படுபவருக்கு ரேட்டும் அதிகம்.

நம்மூரில் தனியார் இல்லத்தின் மாதக் கட்டணத்தை ஏற்கும் அப்படியொரு பொதுவான திட்டம் இல்லை. ஆனா, அந்தக் கணக்கு முறையை நாம எடுத்துக்கலாமே!

கணக்கு இதுதான்

ஒரு வாரத்துக்கு 168 மணி நேரம். ஒரு பணியாளர் வாரம் 48 மணி நேரம் வேலை செய்தால், எந்நேரமும் ஒருவர் இருக்க 3.5 பேர் தேவை. சம்பளம் 15,000 ரூபாய் என வைத்துக்கொண்டால் மொத்தம் 52,500 ரூபாய். அவர் 5 பேரைக் கவனித்தால் தலைக்கு 10,500. 10 பேரைக் கவனித்தால் 5,250. கட்டணம் குறைவா இருக்குன்னா, பெரும்பாலும் இந்த இடத்தில்தான் கை வைத்திருப்பாங்க.

இனி மற்றவை. எல்லாம் உதாரணத் தொகைதான், உங்க ஊர் விலையைப் போட்டுக்கோங்க.

* ஆள் செலவு (5 பேருக்கு ஒருவர்): 10,500
* சாப்பாடு, நாளைக்கு 150 வீதம்: 4,500
* இடம், கரன்ட், தண்ணீர்: 3,000
* டயப்பர், நாளைக்கு 3, ஒன்று 40 வீதம்: 3,600
* நிர்வாகச் செலவு 10%: 2,160

மொத்தம் 23,760 ரூபாய். மருந்து, பிசியோதெரபி தனி. வருஷத்துக்கு 8% ஏறினால் 5 வருஷத்தில் இதுவே சுமார் 35,000 ஆகும்.

அரசு என்ன தரும்?

தமிழக அரசின் முதியோர் உதவித்தொகை 2023-ல் 1,000-லிருந்து 1,200 ரூபாய் ஆனது. அப்பா நெசவாளர் கூட்டுறவுச் சங்க உறுப்பினர் என்றால், ஓய்வூதியம் உண்டான்னு சங்கத்தில் கேளுங்க.

70 வயதைத் தாண்டியவர்களுக்கான ஆயுஷ்மான் பாரத் காப்பீடு, குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரை ஆஸ்பத்திரியில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கு. இல்லக் கட்டணத்துக்கு அது உதவாது.

2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' மூலம் பி.பி, சுகர் மாத்திரை, பிசியோதெரபி, வலிநிவாரணப் பராமரிப்பு வீட்டுக்கே வரும். வீட்டில் வைத்துப் பார்க்கலாமா என்று யோசிப்பவர்கள் இதையும் கணக்கில் சேருங்க.

ஆதரவே இல்லாத முதியவர்களுக்கு, மத்திய அரசின் மானியத்தோடு தொண்டு நிறுவனங்கள் நடத்தும் இலவச இல்லங்கள் இருக்கின்றன. விவரத்துக்கு 14567 'எல்டர்லைன்' எண்ணை அழைக்கலாம், கட்டணம் கிடையாது.

பிள்ளைகள் பணம் தர மறுத்தால்?

பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், 2007-ன்படி கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனு கொடுக்கலாம். ஜீவனாம்சத்தின் உச்சவரம்பு மாதம் 10,000 ரூபாய்தான். மேலே போட்ட கணக்கில் பாதிகூட வராது. மீதிக்கு வழி இப்பவே பேசணும்.

வீட்டை எழுதிக் கேட்கிறாங்களா? 'கடைசிவரை பராமரிக்க வேண்டும்' என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்க. மீறினால் இதே சட்டத்தின் 23-வது பிரிவில் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கலாம்.

சேர்ப்பதற்கு முன் கேளுங்க

* இரவில் எத்தனை பேருக்கு ஒரு பணியாளர்?
* டயப்பர், மருந்து, ஆஸ்பத்திரிக்குத் துணை ஆள், இதெல்லாம் கட்டணத்தில் அடக்கமா?
* படுக்கையில் விழுந்தால் கட்டணம் எவ்வளவு கூடும்?
* வருஷா வருஷம் எத்தனை சதவிகிதம் ஏற்றுவீங்க?
* இடையில் அழைத்துச் சென்றால் அட்வான்ஸ் எத்தனை நாளில் திரும்பும்?
* இல்லம் பதிவு பெற்றதா? (மாவட்ட சமூக நல அலுவலகத்தில் விசாரிக்கலாம்.)

பதிலை எழுத்தில் வாங்குங்க. இந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணன், அக்கா, தங்கை எல்லாரும் உட்கார்ந்து, யார் எவ்வளவு தருவீங்கன்னு ஒரு தாளில் எழுதிடுங்க. அப்பாவையும் பக்கத்தில் உட்கார வைங்க. எங்கே இருக்கணும்னு முதலில் சொல்ல வேண்டியவர் அவர்தானே!