புரட்சியும் துறவும்



படைக்கலம் ஏந்திய வீரர் பின்னாளில் துறவறம் பூணுதல் வரலாற்றில் புதிதன்று. ஸ்பெயின் நாட்டு வீரரான இஞ்ஞாசியார், 1521ஆம் ஆண்டு பாம்பலோனாப் போரில் காயமுற்று, நோய்ப்படுக்கையில் மனம் மாறி, பின்னர் இயேசு சபையை நிறுவினார். நம் புதுச்சேரியும் அத்தகைய மாற்றத்தைக் கண்ட ஊரே. 1910 ஏப்ரல் 4ஆம் நாள் இங்கு வந்திறங்கிய அரவிந்தர் அரசியலைத் துறந்து யோகியானார். அவரை உலகம் அறியும். அந்நாளில் இதே தெருக்களில் நடமாடிய மற்றொருவரையோ நாம் ஏறக்குறைய மறந்துவிட்டோம். அவர்தாம் நீலகண்ட பிரம்மச்சாரி.

சீர்காழியை அடுத்த எருக்கூரில் 1889ஆம் ஆண்டு பிறந்தவர் அவர். ஆங்கிலேயர் சட்டம் செல்லாத பிரெஞ்சு ஆட்சிப் பகுதியாக இருந்தமையால், புதுச்சேரி அக்காலத் தேசபக்தர்களுக்குப் புகலிடமாயிற்று. இங்கிருந்து வெளிவந்த ‘சூரியோதயம்’ இதழுக்கு நீலகண்டர் ஆசிரியராக விளங்கினார். தென்மாவட்டங்களில் சுற்றி, பாரத மாதா சங்கம் என்னும் இரகசிய அமைப்பையும் கட்டினார். காளியின் திருமுன் குங்கும நீர் அருந்தி, விரல் கீறி, குருதியால் ஒப்பமிட்டு உறுப்பினர் சபதம் ஏற்றனர்.

அவ்வமைப்பைச் சார்ந்த வாஞ்சிநாதன், 1911 ஜூன் 17ஆம் நாள், மணியாச்சி நிலையத்தில் மாவட்ட ஆட்சித் தலைவர் ஆஷைச் சுட்டுக் கொன்று, தாமும் உயிர் நீத்தார். அவ்வமயம் நீலகண்டர் அங்கில்லை. எனினும் தொடர்ந்த சதி வழக்கில் 14 பேருள் முதல் எதிரி அவரே. 1912இல் சென்னை உயர்நீதிமன்றம் அவருக்கு 7 ஆண்டுக் கடுங்காவல் விதித்தது.

விடுதலைக்குப் பின் அவரை வறுமை வாட்டியது. 1921 செப்டம்பரில் பாரதியார் மறைந்த இரவில் அருகிருந்த நண்பர்களுள் அவரும் ஒருவர். பொதுவுடைமைக் கருத்துகளில் ஈடுபட்டு 1922இல் மீண்டும் சிறைப்பட்டார். இளமையின் பெரும்பகுதி கம்பிகளுக்குள்ளேயே கழிந்தது. 1930களில் அவர் காவி உடுத்தார். மைசூர்ப் பகுதியில் உள்ள நந்திமலையில் சாது ஓம்கார் என்னும் பெயருடன் வாழ்ந்து, 1978இல் மறைந்தார்.

இவர் கொண்ட கொள்கையைக் கைவிட்டவரா? நான் அவ்வாறு கருதேன். வீட்டையும் செல்வத்தையும் சுகத்தையும் இருபது வயதிலேயே துறந்தவர் அவர். பின்னர்த் துறந்தது ஆயுதம் ஒன்றையே. ஆயினும் மற்றொன்றையும் நாம் மறைத்தலாகாது. மணியாச்சியில் சுடப்பட்டவரும் ஒரு மனிதரே. அவ்வேளை அவர் மனைவியும் அதே இரயில் பெட்டியில் இருந்தார். பின்னாளைய காவியைக் கொண்டு முன்னாளைய குருதியைத் துடைத்தலும், அக்குருதியைக் காட்டித் தவவாழ்வைப் பழித்தலும் ஒருங்கே தவறாகும்.

நெடுங்காலம் வகுப்பறையில் வரலாறு கற்பித்தவன் யான். ஒரு பெயருக்கு நேரே ஒரு வரியை எழுதி, அதனை மனப்பாடம் செய்யுமாறு மாணவரைப் பணித்திருக்கிறேன். 88 ஆண்டு வாழ்ந்த ஒருவரை ஒரு வரியில் அடக்குதல் இயலுமா? வீரர் என்றோ துறவி என்றோ பிரித்துவிடாது, இரண்டையும் ஒருசேர நோக்குதலே அவருக்கு நாம் செலுத்தும் நேர்மையான வணக்கமாகும்.