ஒரு கோலின் இருமுனை

தமிழகத் திருக்கோயில்களின் வரலாற்றை ஆராய்வார்க்கு முதற்சான்றாக விளங்குவன கல்வெட்டுகள். நிலம் ஈந்தவர், பொன் ஈந்தவர், நந்தாவிளக்கிற்கு ஆடுகள் விட்டவர் ஆகியோரின் பெயர்கள் அவற்றில் நிலைபெற்றுள்ளன. அரசியோ வணிகரோ அளிக்கும் கொடை ஒருநாளில் நிறைவெய்துவது. அக்கொடை பயன்தர வேண்டுமாயின் நாள்தோறும் திரியிடவும் நெய்யூற்றவும் கைகள் வேண்டும். கொடுத்தோர் பெயரைப் பெரும்பான்மையும் போற்றிய கல், அந்தக் கைகளுக்குரியோரைச் சிறுபான்மையே நினைந்தது. நாள்தோறும் தொண்டாற்றி, அத்தொண்டிலேயே மூப்பெய்திய எளியோரைத் தேடுவார் கல்வெட்டினின்றும் திருத்தொண்டர் வரலாற்றிற்குத் திரும்ப வேண்டியுள்ளது. அங்கே அவர்களை எதிர்கொள்வோர், தில்லையில் வாழ்ந்த குயவர் இணையர்.

8ஆம் நூற்றாண்டினரான சுந்தரர் அருளிய திருத்தொண்டத்தொகையில், தில்லைவாழ் அந்தணரை அடுத்து இரண்டாவதாகப் போற்றப்படுபவர் திருநீலகண்டக் குயவனார். நம்பியாண்டார் நம்பியின் திருத்தொண்டர் திருவந்தாதி அக்குறிப்பைச் சற்றே விரித்தது. இரண்டாம் குலோத்துங்கன் காலத்தில் (1133–1150) வாழ்ந்த சேக்கிழார் பெருமான், பதிகத்தில் ஒரு பெயராக நின்றவரை இல்லறத்தாராக விரித்துக் காட்டினார். பதிகத்திற்கும் காப்பியத்திற்கும் இடையே ஏறத்தாழ 4 நூற்றாண்டுகள் கழிந்துள்ளமையின், காப்பியம் கூறும் நிகழ்ச்சிகள் அனைத்தையும் அவ்வாறே வரலாறாகக் கொள்ளுதல் இயலாது. எனினும், தொண்டு நிகழும் இல்லம் எத்தகையது எனச் சோழர்காலத் தமிழர் கருதினர் என்பதற்கு அது நேரிய சான்றாகும்.

திருநீலகண்டர் மண்கலம் வனைந்து விற்று வாழ்ந்தவர். அடியார்க்குத் திருவோடு வனைந்து அளித்தலைத் தம் தொண்டாகக் கொண்டவர். மண்ணெடுத்தல், கல்லும் வேரும் களைதல், நீர்விட்டு மிதித்துப் பதப்படுத்தல், சக்கரத்தில் வனைதல், நிழலில் உலர்த்தல், சூளையில் அடுக்கிச் சுடுதல் எனப் பல படிகளை உடையது குயத்தொழில். சக்கரத்தின் முன் அமர்பவர் ஒருவராயினும், ஒருவர் கையால் முற்றுப்பெறும் தொழில் அன்று அது. மண்ணைப் பக்குவம் செய்தலிலும் ஈரக்கலங்களை வெயிலும் மழையும் படாது காத்தலிலும் இல்லத்துப் பெண்டிரின் உழைப்பு இன்றியமையாதது. மேலும், ஓடு உடையும் இயல்பினது. கல்லால் எடுத்த கோபுரம் நூற்றாண்டுகள் நிற்கும். மண்ணோடோ ஒருமுறை கை தவறினால் போயிற்று. ஆதலின் இத்தொண்டு ஒருகால் செய்து முடிப்பதன்று. நாள்தோறும் புதிதாகத் தொடங்குவது.

இவ்வில்லத்தின் போக்கை மாற்றியது ஒரு சொல். இளமையில் கணவர் பரத்தையிற் பிரிய, மனைவியார் ஊடினார். ஊடல் தீர்க்க அணுகிய கணவரை, எம்மைத் தீண்டற்க எனத் திருநீலகண்டத்தின்மேல் ஆணையிட்டுத் தடுத்தார். தம்மை மட்டும் குறிக்க ‘என்னை’ என்றிருக்கலாம். அவர் வாயினின்று வந்ததோ ‘எம்மை’ என்னும் பன்மை. கணவர் அப்பன்மையை அவ்வாறே ஏற்று, பிற மகளிர் எவரையும் மனத்தாலும் தீண்டேன் என உறுதிபூண்டார். இலக்கணத்தில் ஒரு வேறுபாடு ஒரு வாழ்நாளுக்கே விதியாயிற்று. சொல்லின் பொறுப்பை உணர்த்த இதனினும் சிறந்த சான்று கவிஞர்க்கு வேண்டுவதில்லை.

அதன்பின் ஒரே மனையில், அயலார் எவரும் அறியாவண்ணம், ஆண்டுகள் பல கழிந்தன. மனைவியார் இல்லறக் கடமைகள் அனைத்தையும் குறைவறச் செய்தார். உடனுறைவிற்கு மட்டும் இசைந்திலர். இளமை நீங்கி மூப்பு வந்தது. உடல் தளர்ந்தும் அன்பும் தொண்டும் தளர்ந்தில. இல்லத்திற்குள் அவ்வளவு பெரிய மௌனம் இருந்தும், வாயிலில் வந்து நின்ற அடியார்க்கு ஓடு கிடைக்காத நாள் இல்லை என்பதே இவ்வரலாற்றின் உயிர்நிலை எனலாம்.

இறைவன் சிவயோகியாய் வந்து ஓர் ஓட்டை அடைக்கலமாகத் தந்து சென்றமையும், அது மறைந்துபோக, திரும்பிவந்து வழக்கிட்டமையும் பலரும் அறிந்தவை. பொன்னோடே தரினும் கொள்ளேன் என்றார் யோகியார். மனைவியின் கைப்பற்றிக் குளத்தில் மூழ்கிச் சான்று கூறுக எனத் தில்லைவாழ் அந்தணர் அவையில் முடிவாயிற்று. திருப்புலீச்சரத்துக் குளத்தில் மூங்கிற்கோல் ஒன்றன் ஒருமுனையை அவரும் மறுமுனையை அம்மையாரும் பற்றி இறங்கினர். அதனை யோகியார் தடுத்தபோது, அத்துணை ஆண்டுகள் காத்த மறைபொருளை ஊரறியக் கூறினார் கணவர். மூழ்கி எழுந்தபோது இருவரும் இளமை பெற்றிருந்தனர். அக்கோயில் இன்றும் சிதம்பரத்தில் இளமையாக்கினார் கோயில் என வழங்குகின்றது.

ஈண்டு ஒன்று நோக்கத்தக்கது. ஆணையிட்டவர் அம்மையார், கோலின் மறுமுனை பற்றியவர் அவர், இளமை மீளப்பெற்றவரும் அவர். ஆயினும் அவர் பெயரைத் தொகையோ அந்தாதியோ காப்பியமோ கூறவில்லை. நள்ளிருளில், பகலில் விதைத்த முளைநெல்லை வாரிவந்து சமைக்கலாம் என வழிகூறிய இளையான்குடி மாறனாரின் மனைவியார்க்கும் பெயரில்லை. பசித்த மக்களுக்கு நெல் வாங்கத் தாலியைக் கழற்றித் தந்த குங்கிலியக் கலயரின் மனைவியார்க்கும் பெயரில்லை. சிறுத்தொண்டரின் மனைவியார் திருவெண்காட்டு நங்கை எனப் பெயர் சுட்டப்பெறுதல் அருகிய வழக்கேயாகும்.

பெயரைக் காத்தல் அக்காலத்தார்க்கு இயலாத செயலன்று. முதலாம் இராசராசனின் 29ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு (1014), தஞ்சைப் பெருங்கோயிலில் குடியேற்றப்பெற்ற தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரை, அவர்கள் வாழ்ந்த தெரு, வீட்டின் வரிசை, முன்பிருந்த ஊர் ஆகியவற்றுடன் பெயர் பெயராகப் பொறித்துள்ளது. ஒருவர்க்கு ஆண்டிற்கு 100 கலம் நெல் என்னும் கணக்கு இருந்தமையின் பெயர் வேண்டப்பட்டது. ஊதியம் பெற்ற தொண்டிற்குப் பெயர் இருந்தது. இல்லத்திலிருந்து ஆற்றிய தொண்டிற்கு அது வேண்டப்படவில்லை.

இன்றும் ஊர்க்கோயில்களில் குழல்விளக்கின்மீது ‘உபயம்’ என்னும் சொல்லோடு ஈந்தவர் பெயர் எழுதப்பட்டிருக்கும். அவ்விளக்கின் கீழே விடியலில் பிராகாரம் பெருக்கும் முதியவரும், அவர் பறித்துவந்த பூவைத் தொடுத்துக்கொண்டிருக்கும் மூதாட்டியும் எந்தப் பலகையிலும் இடம்பெறுவதில்லை. முதியவரையேனும் ஊரார் பெயர்சொல்லி அறிவர். மூதாட்டி அவர் வீட்டுக்காரம்மா என்ற அளவில் நின்றுவிடுகின்றார். ஊர் வரலாறு எழுதுவோரும் அவ்வூரைப் பாடுவோரும் இருவர் பெயரையும் கேட்டு எழுதிவைத்தல் கடன். தில்லைக் குளத்தில் கோலின் மறுமுனை பற்றிய அம்மையாரின் பெயரை இனி எவரும் அறிதல் இயலாது. நம் ஊர் மூதாட்டியின் பெயரை இன்னும் அவரிடமே கேட்கலாம்.