வாய்மொழி வரலாறு

'வாய்மொழி' என்றால் இன்று எழுத்தில் இல்லாமல் வாயால் சொன்னது. பழந்தமிழில் 'வாய்' என்பதற்கு உண்மை என்றும் பொருள் உண்டு. 'வாய்மை' அதன் உறவுதான். அகநானூறு கபிலருக்கு 'வாய்மொழி' என்று அடை கொடுப்பது அவர் பொய்யுரையாதவர் என்பதற்காக.

கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 1948இல் ஆலன் நெவின்ஸ் வளர்க்கத் தொடங்கிய வாய்மொழி வரலாற்றுத் துறைக்கு இந்தச் சொல் தமிழில் நன்றாகவே பொருந்துகிறது. முதுகலையில் இதைப் படிப்பவர்கள் இத்தாலியரான அலெஸ்ஸாந்த்ரோ போர்த்தெல்லியைத் தவிர்க்க முடியாது. தெர்னி நகர ஆலைத் தொழிலாளி லூயிஜி த்ராஸ்துல்லி போலீஸாரால் கொல்லப்பட்டது 1949இல். போர்த்தெல்லியிடம் பேசிய ஊரார் பலரோ 1953 என்றார்கள். ஆலையின் பெரும் ஆட்குறைப்பை எதிர்த்துத் தெருவில் போராடிய ஆண்டு அது. போர்த்தெல்லி அந்தப் பிழையைத் திருத்தி ஒதுக்கவில்லை, அதையே ஆராய்ந்தார். வாயும் வாய்மையும் ஒரே சொல்லில் இருக்கும்போது, வாய்மொழி வரலாற்றைச் 'செவிவழிச் செய்தி' என்று எழுதுவது தவறு.