அக்டோபரில் ரன் கிடைக்காது

பேஸ்பால் நமக்குப் பழகாத ஆட்டம். பரவாயில்லை, கிரிக்கெட் தெரிந்தால் போதும். பந்து வீசுகிறவர் பெயர் பிட்ச்சர். அவருக்கு ஓவர் கணக்கெல்லாம் கிடையாது. தெம்பிருந்தால் ஒன்பது இன்னிங்ஸும் அவரே வீசலாம்.

1905 அக்டோபர். நியூயார்க் ஜயன்ட்ஸும் ஃபிலடெல்ஃபியா அத்லெடிக்ஸும் வேர்ல்ட் சீரிஸில் மோதின. (பெயர்தான் உலகம். ஆடியது இரண்டு அமெரிக்க ஊர்கள்!) மொத்தம் ஐந்து ஆட்டம். ஐந்திலும் தோற்ற அணி எடுத்த ரன் பூஜ்யம். ஜயன்ட்ஸின் கிறிஸ்டி மாத்யூசன் ஆறே நாளில் மூன்று ஆட்டங்களை முழுசாக வீசினார். 27 இன்னிங்ஸ். ஒரு ரன்கூடக் கொடுக்கவில்லை. ஒரே வேர்ல்ட் சீரிஸில் இப்படி மூன்று முறை எதிரணியைப் பூஜ்யத்தில் நிறுத்தியவர் வேறு யாரும் கிடையாது.

இது உச்சபட்ச உதாரணம். ஆனால் பொதுவாகவே, சீசன் முழுக்க அடித்து நொறுக்கியவர்கள் அக்டோபரில் ரன்னுக்குத் திண்டாடுவார்கள். ஏன்?

பேட் பிடிக்கிறவர் மேல் பழி போடாதீர்கள். இப்போதைய சீசனில் ஓர் அணிக்கு 162 ஆட்டங்கள். ஆறு மாசம், அநேகமாக தினசரி. எந்தக் கையும் தினம் வீசித் தாங்காது. எனவே நாலைந்து பேர் முறைவைத்து வீசுவார்கள். அந்த நாலாவது, ஐந்தாவது ஆள் பெரும்பாலும் சுமார் ரகம். பேட்ஸ்மேன்கள் ஆசைதீர அடிப்பது அவர்களைத்தான். அக்டோபர் வந்தால் அவர்களுக்கு அநேகமாக வேலையில்லை. நடுவில் ஓய்வு நாள் வேறு வருமா, முதல் ரக பிட்ச்சரே திரும்பத் திரும்ப வந்து நிற்பார். அவரும் லேசாகத் தடுமாறினால் மேனேஜர் உடனே ஆளை மாற்றிவிடுவார். நாளைக்கு மிச்சம் வைக்க வேண்டும் என்ற கவலை எதற்கு? நாளை என்ற ஒன்றே இல்லாமல் போகலாமே! போதாக்குறைக்குக் குளிர். குளிர்ந்த காற்றில் அடித்த பந்து வழக்கமான தூரம் போகாது.

பெரிய மேட்ச் பயம்தான் காரணம் என்பார்கள் சிலர். எனக்கு நம்பிக்கையில்லை. பயம் பிட்ச்சருக்கும்தானே இருக்கும்?

சரி, இந்தச் சிக்கனத்துக்கு விலை கொடுப்பது யார்? லாஸ் ஏஞ்சல்ஸ் டாட்ஜர்ஸின் ஸாண்டி கோஃபேக்ஸைப் பாருங்கள். இடதுகைக்காரர். அந்தக் கையின் முழங்கையில் மூட்டுவாதம். 1965 வேர்ல்ட் சீரிஸின் ஐந்தாவது ஆட்டத்தில் மின்னசோட்டாவைப் பூஜ்யத்தில் சுருட்டினார். இரண்டே நாள் ஓய்வு. ஏழாவது ஆட்டம்தான் கடைசி. ஒரு நாள் அதிகம் ஓய்ந்திருந்த டிரைஸ்டேல் தயாராக இருந்தார். மேனேஜர் ஆல்ஸ்டன் கூப்பிட்டதோ கோஃபேக்ஸை! அவருடைய பிரம்மாஸ்திரமான கர்வ் பந்து அன்றைக்குச் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. வேகத்தை மட்டும் நம்பி ஒன்பது இன்னிங்ஸும் வீசினார். 2-0. தேதி அக்டோபர் 14. அறுபது வருஷத்துக்கு முன்னால் மாத்யூசன் கடைசி ஆட்டத்தை முடித்ததும் அதே தேதியில்தான். அதே 2-0!

அடுத்த சீசனில் கோஃபேக்ஸ் 27 ஆட்டங்கள் ஜெயித்தார். அதுதான் அவருடைய வாழ்க்கையிலேயே அதிகம். 1966 நவம்பரில், போதும் என்று சொல்லிவிட்டார். வயது 30. மிச்சமிருக்கும் வருஷங்களுக்குக் கை வேண்டும் என்பதுதான் அவர் சொன்ன காரணம்.