வங்கக்கடலும் கரைநாடுகளின் கூட்டுக் காப்பும்

கடலை அடுத்து வாழ்ந்த மக்கள் அதனைத் தாயெனப் போற்றியதும் கூற்றெனக் கண்டு அஞ்சியதும் உண்டு. காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல் கொண்டமைக்கு, இந்திரவிழாவை எடாது மறந்த சோழனின் தவறே காரணமென மணிமேகலை கூறும். இலங்கையின் களனிப் பகுதியிற் கடல் பெருகியமைக்கு, குற்றமற்ற துறவியொருவரைக் கொல்வித்துக் கடலில் எறிவித்த களனிதீசனின் கொடுமையே காரணமென மகாவம்சம் கூறும். மொழியால் வேறுபட்ட இவ்விரு நூல்களும் ஒரு கருத்தில் ஒன்றுபடுகின்றன. கடலின் சீற்றத்துக்கு ஆள்வோரின் பிழையே காரணமென்பது அக்கருத்தாகும். இயற்கையின் காரணங்களை ஆராய்ந்தறியும் இக்காலத்தில் இக்கூற்று வெறும் பழங்கதையெனத் தோன்றலாம். ஆயினும், கடந்த ஒன்றரை நூற்றாண்டு வரலாற்றை நோக்குவோர்க்கு அதனுள்ளும் ஓர் உண்மை உண்டென்பது புலனாகும்.

வங்காள விரிகுடா வடக்கு நோக்கி ஒடுங்கிச் செல்லும் புனல்போன்ற அமைப்பினது. அதன் வடகோடியிற் கடல் ஆழங்குறைந்தது. கரையோ கங்கையும் பிரமபுத்திராவும் கொணர்ந்து குவித்த வண்டலாலான தாழ்நிலம். ஆகவே, சூறாவளி உந்திவரும் நீர் ஒதுங்க இடமின்றி உயர்ந்து நிலத்தினுட் புகுகின்றது. காற்றினாற் சாவோரினும் இந்நீரினாற் சாவோரே பலராவர். உலகில் எழும் சூறாவளிகளுள் இக்கடலில் எழுவன மிகச் சிலவே. எனினும், உயிர்ச்சேதம் மிக்கவை பல இக்கரையிலேயே நிகழ்ந்துள்ளன.

இப்புயல்களை முறையாக ஆராய்ந்தோருள் முன்னோடி கல்கத்தாவில் வாழ்ந்த ஹென்றி பிடிங்டன் என்பார். மாலுமிகளின் குறிப்பேடுகளைத் தொகுத்து ஆராய்ந்த அவர், பாம்பின் சுருளை நினைவூட்டும் கிரேக்கச் சொல்லினின்று ‘சைக்கிளோன்’ என்ற பெயரை ஆக்கி, 1848ஆம் ஆண்டு வெளிவந்த தம் நூலில் வழங்கினார். மத்லா ஆற்றங்கரையிற் புதிய துறைமுகம் அமைக்க அரசினர் எண்ணியபோது, அவ்விடம் புயல்நீருக்கு இரையாகும் என 1853இல் அவர் எச்சரித்தார். அவ்வெச்சரிக்கை புறக்கணிக்கப்பட்டது. அங்கெழுந்த கானிங் துறைமுகம் 1867இற் புயலால் அழிந்தது. அதற்கு மூன்றாண்டுகளின் முன், 1864 ஒக்டோபரில், கல்கத்தாவைத் தாக்கிய சூறாவளி பல்லாயிரம் உயிர்களைக் கவர்ந்திருந்தது. இத்தகைய அழிவுகளின் பின்னரே, 1875இல் இந்திய வளிமண்டலவியல் திணைக்களம் நிறுவப்பட்டது.

குடியேற்ற ஆட்சி நீங்கியபின் ஒரே கடலின் கரை பல நாடுகளுக்கு உரியதாயிற்று. புயலோ எல்லைக் கோடுகளை அறியாது. 1964 டிசெம்பரில் இலங்கையின் வடபகுதியைத் தாக்கிய சூறாவளி, பாக்கு நீரிணையைக் கடந்து தனுஷ்கோடியை அழித்தது. அந்நகர் பின்னர் எழவேயில்லை. எனினும், இவற்றினும் பேரழிவு 1970 நொவெம்பர் 12ஆம் நாளிரவில், அன்று கிழக்குப் பாக்கிஸ்தானாயிருந்த நிலப்பகுதியில் நிகழ்ந்தது. மூன்று முதல் ஐந்து இலட்சம் மக்கள் வரை மாண்டனரெனக் கணிப்பர். புயல் வருவதைச் செய்மதிப் படங்கள் காட்டியிருந்தன. ஆயினும், அயல்நாடுகளுக்கிடையே நிலவிய பகைமையாற் செய்திப் பரிமாற்றம் செம்மையுற அமையவில்லை. வானொலி வாயிலாகச் செய்தியைக் கேட்டோர்க்கும், எங்குச் சென்று ஒதுங்குவதென்ற வழி இருக்கவில்லை. அழிவின் பின்னர் அரசு காட்டிய அசட்டை மக்களின் சினத்தை மூட்டிற்று. அடுத்த ஆண்டில் வங்காளதேசம் தனிநாடாய் எழுந்தமைக்கு இதுவும் ஒரு காரணமென வரலாற்றாசிரியர் கொள்வர்.

இப்பேரழிவே கரைநாடுகளை ஒன்றுகூட்டியது. உலக வளிமண்டலவியல் நிறுவனமும் ஐக்கிய நாடுகளின் ஆசியப் பொருளாதார ஆணைக்குழுவும் இணைந்து, 1972இல் வெப்பமண்டலச் சூறாவளிகளுக்கான குழுவொன்றை நிறுவின. வங்காளதேசம், இந்தியா, பர்மா, பாக்கிஸ்தான், இலங்கை, தாய்லாந்து ஆகியவை அதில் இணைந்தன. பின்னர் மாலைதீவு, ஓமான் முதலியனவும் சேர்ந்தன. போரிட்ட பகைநாடுகளும் இப்பணியில் ஒன்றிணைந்தமை கருதத்தக்கது. 1988இல் டில்லியிலுள்ள நிலையம் இப்பிராந்தியத்தின் சிறப்பு மையமாக ஏற்கப்பட்டது. 2004 முதல், உறுப்புநாடுகள் தந்த பெயர்களை முறையே புயல்களுக்கு இடும் வழக்கமும் தோன்றியது. 2013இல் இலங்கை தந்த ‘மகாசேன்’ என்ற பெயர் ஒரு புயலுக்கு இடப்பட்டபோது, குளங்கட்டி நாட்டை வளம்படுத்திய மன்னனின் பெயரை அழிவுக்கு இடலாகாதென எதிர்ப்பெழுந்தமையால், அப்பெயர் மாற்றப்பட்டது.

எனினும், செய்தி தலைநகரை அடைதல் வேறு. குடிசையை அடைதல் வேறு. இவ்வுண்மையை நன்குணர்ந்த நாடு வங்காளதேசமேயாகும். செஞ்சிலுவைச் சங்கத்தின் துணையோடு 1972இல் அங்குத் தொடங்கிய சூறாவளி ஆயத்தத் திட்டத்தின்கீழ், ஊர்தோறும் தொண்டர்கள் பயிற்றப்பட்டனர். கொடியேற்றியும் ஒலிபெருக்கியில் அறிவித்தும் மக்களை உயர்ந்த காப்பகங்களுக்கு அழைத்துச் செல்லுதல் அவர்தம் பணி. பயன் உடனே விளைந்துவிடவில்லை. காப்பகங்கள் போதாமையால் 1991 ஏப்பிரிற் சூறாவளியில் ஏறத்தாழ 1,40,000 பேர் இறந்தனர். ஆனால், 2007இல் வந்த சிதர் புயலில் இறந்தோர் ஏறத்தாழ 3,400 பேர். 2020இல் வந்த அம்பன் புயலில் அந்நாட்டில் இறந்தோர் சில பதின்மரே. ஒடிசாவிலும், 1999இல் ஏறத்தாழ 10,000 பேரை இழந்த கரை, 2013இல் வந்த பைலின் புயலின்போது பெருந்தொகையான மக்களை முன்கூட்டியே அகற்றியமையாற் பேரிழப்பினின்று தப்பியது.

இதற்கு மாறான சான்றும் உண்டு. 2008 மே மாதத்தில் நர்கிஸ் புயல் மியன்மாரின் ஐராவதிக் கழிமுகத்தை நோக்கிச் சென்றபோது, அது கரையேறுமுன் 48 மணிநேரத்துக்கு முன்னரே டில்லி மையம் அறிவித்திருந்தது. மக்களை அகற்றும் ஏற்பாடு அங்கு இருக்கவில்லை. இறந்தோரும் காணாமற் போனோருமாக ஏறத்தாழ 1,38,000 பேர் அழிந்தனர். அறிவிப்பு ஒன்றே, விளைவுகள் வேறு. ஏற்பாட்டின் வேற்றுமையே விளைவின் வேற்றுமைக்கு ஏதுவாயிற்று.

இலங்கை இப்பாடத்தைத் தன் துயராலேயே கற்றது. 1978 நொவெம்பர்ச் சூறாவளி மட்டக்களப்பைச் சிதைத்தது. 2004 டிசெம்பர் 26ஆம் நாள் சுமாத்திரா அருகே கடலடியில் நிலம் நடுங்கியபின், ஆழிப்பேரலை எம் கீழைக்கரையை அடைய ஏறத்தாழ இரண்டு மணிநேரம் சென்றது. அவ்விரண்டு மணியும் பயனின்றிக் கழிந்தன; முப்பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். பசிபிக் கடல் நாடுகள் 1960களிலேயே கூட்டு எச்சரிக்கை முறையொன்றை அமைத்திருக்க, இந்துமாகடலில் அத்தகைய முறை அன்று இருந்திலது. யுனெஸ்கோவின் வழிகாட்டலில் 2005இல் தொடங்கிய முயற்சி 2011இல் முழுமை பெற்றது. அவுஸ்திரேலியா, இந்தியா, இந்தோனேசியா ஆகிய மூன்று நாடுகளின் மையங்கள் ஏனைய நாடுகளுக்குச் செய்தி வழங்கலாயின. 2012 ஏப்பிரில் 11ஆம் நாள் மீண்டும் சுமாத்திரா அருகே நிலம் நடுங்கியபோது, பேரலை எழாதாயினும், எம் கரையோர மக்கள் உரிய காலத்தே உள்நாடு நோக்கி நகர்ந்தனர்.

இனிவரும் இடர் ஓரிரவில் வந்து போவதன்று. புவி வெப்பமடைதலாற் கடல்மட்டம் 1901 முதல் 2018 வரை ஏறத்தாழ 20 சதமமீற்றர் உயர்ந்துள்ளதென ஆய்வாளர் கூறுவர். உயர்ந்த கடலின்மேல் எழும் புயல்நீர் முன்னினும் ஆழமாக நிலத்திற் புகும். யாழ்ப்பாணக் குடாநாட்டிற் சுண்ணாம்புக்கல்லினுள் தங்கிய நன்னீரே கிணறுகளின் உயிர்; அதனை உவர்நீர் சூழ்ந்துள்ளது. இவ்வச்சம் மாலைதீவுக்கும் கங்கைக் கழிமுகத்துக்கும் பொதுவானது. அலையின் வேகத்தைத் தணிக்கும் சுந்தரவனமோ இரு நாடுகளுக்கு உரியது. ஒரு நாடு பேண, மற்றையது அழிக்குமாயிற் பயனில்லை. புயலறிவிப்பிற் கைகோத்த நாடுகள், கண்டற்காடுகளையும் களப்புகளையும் நன்னீரையும் காக்கும் திட்டங்களிலும் அவ்வாறே இணைதல் வேண்டும்.

கடல் பெருகுவதற்கு மன்னனின் பாவமே காரணமென்ற பண்டையோர் கூற்றை இன்று எவரும் அவ்வாறே கொள்ளார். ஆயின், எச்சரித்தோனைப் புறக்கணித்தலும், அறிந்ததை அயலாருக்கு மறைத்தலும், கேட்டதைக் குடிசைக்கு எட்டவிடாமையும் ஆள்வோரின் பிழைகளே. கானிங் துறையும் கிழக்கு வங்காளமும் ஐராவதியும் அவற்றுக்குச் சான்று பகர்கின்றன. கடலைத் தடுத்தல் மனிதருக்கு இயலாது. இப்பிழைகளைத் தவிர்த்தல் இயலும்.