நன்னன் மலையின் நாதம்

ஜவ்வாது மலைத்தொடரின் தென்புற அடிவாரத்தை அடுத்து, அம்மலையிலே பிறந்து பாலாற்றை நோக்கி ஓடும் செய்யாற்றின் கரையில் அமைந்துள்ள செங்கம் என்னும் ஊர், இன்று பிரயாணிகள் ஒரு பொழுதும் தங்காமல் கடந்துபோகும் சிற்றூராகத் தோன்றினாலும், சங்க காலத்தில் செங்கண்மா என்னும் பெயரோடு பல்குன்றக் கோட்டத்துக்குத் தலைநகராக விளங்கி, நன்னன் சேய் நன்னன் என்னும் வேளின் அரசிருக்கையைத் தாங்கி நின்றது. அவனைப் பாடியதே பத்துப்பாட்டில் பத்தாவதாக வைக்கப்பட்டுள்ள மலைபடுகடாம். இரணிய முட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் இயற்றிய, 583 அடிகள் கொண்ட அந்த ஆசிரியப்பாவை, 1889-ஆம் ஆண்டில் டாக்டர் உ. வே. சாமிநாதையர் நச்சினார்க்கினியர் உரையோடு அச்சேற்றிய பின்னரே நாடு முழுவதும் படிக்க முடிந்தது. நம்மவர் அதனை ஆற்றுப்படை என்ற வகையில் வைத்துப் போற்றுவதோடு நிறுத்திக்கொள்வது வழக்கம். ஆயினும் ஒரு மலைநாட்டின் சங்கீத சம்பிரதாயத்தை இத்தனை நுட்பமாகக் காட்டும் பழைய சாசனம் தமிழில் வேறொன்று இருப்பதாக நான் கருதவில்லை.

பரிசில் பெற்று மீளும் கூத்தன் ஒருவன், வறுமையோடு எதிர்வரும் மற்றொரு கூத்தர் கூட்டத்தைக் கண்டு வழிகாட்டுவதாக அமைந்த இப்பாட்டில், புலவரின் பார்வை முதலில் விழுவது அவர்கள் சுமந்து வரும் வாத்தியங்களின்மேல். வாரால் இறுகக் கட்டிய முழவு, ஆகுளி என்னும் சிறுபறை, உருக்கித் தகடாக்கிய வெண்கலத் தாளமாகிய பாண்டில், மயிற்பீலி கட்டிய கொம்பு, யானை பெருமூச்சு விடுவதுபோல் ஒலிக்கும் நெடுவங்கியம், இளி என்னும் சுரத்தையே இமிழ்ந்துகொண்டிருக்கும் குறுந்தூம்பு, பாட்டைத் தன்வசமாக்கிக் கொள்ளும் குழல், நடுவே நின்று அரித்தெழும் குரலோடு முழங்கும் தட்டை, எல்லரி, ஒருகட் பறையாகிய பதலை ஆகிய யாவும், பலாமரத்தில் கொத்தாகத் தொங்கும் காய்களைப்போல் பைகளில் கட்டப்பட்டு, இருபுறமும் பாரம் சமமாகும்படி காவடியில் தொங்குகின்றன. குரல் என்னும் முதற்சுரத்துக்கு ஐந்தாவதாகிய இளியை ஒரு கருவி விடாது பிடித்திருக்க, அதன்மேல் குழலும் பாட்டும் இயங்க, தோற்கருவிகள் காலம் காட்டும் இந்த ஏற்பாடு, கூட்டிசை என்னும் கலையில் முதிர்ந்த பயிற்சியுடையார் வகுத்தது என்பதை எவரும் உணரலாம்.

யாழைப் பற்றிய பகுதியோ கைத்தொழில் வல்லான் ஒருவனின் பட்டறைக்குள்ளே நம்மை அழைத்துச் செல்கிறது. வளையலின் நெளிவைப் போன்ற ஒன்பது வார்க்கட்டுகள். சிறு கடுகளவும் குற்றம் புகாதபடி ஓசையைக் கேட்டுக் கேட்டுத் தெரிந்தெடுத்த முறுக்கு நரம்புகள். வரகின் தானியம் அளவான நுண்ணிய துளைகள். பசை சேர்த்துப் பொருத்திய பத்தர். துளை அடையும்படி முடுக்கிய ஆணிகள். யானைத் தந்தத்தாலான யாப்பு. புதிதாகப் போர்த்த பொன்னிறத் தோல். களாப்பழம்போல் கறுத்து வளைந்த கோடு. 1947-இல் வெளிவந்த யாழ் நூலில் விபுலானந்த அடிகள் பண்டைய யாழின் உருவத்தை ஆராய்ந்து மீட்க முயன்றதற்கு இத்தகைய சங்கப் பாடல்களே மூலதனமாக இருந்தன.

மனிதரின் வாத்தியங்களை இவ்வாறு அறிமுகம் செய்த புலவர், பின்பு மலையின் வாத்தியங்களைக் கேட்கச் செய்கிறார். அருவியில் ஆடும் தெய்வ மகளிர் எழுப்பும் இன்னொலி. புலி பாய்ந்து புண்பட்ட கணவரின் மார்புப் புண் ஆறுவதற்குக் காப்பாகக் கொடிச்சியர் பாடும் பாடல். நறவுண்ட குறவர், மான்தோற் பறையை முழக்கித் தம் பெண்டிரோடு ஆடும் குரவை. யானையைப் பழக்கும் பாகரின் கலப்புமொழி. தினை குற்றும் மகளிரின் வள்ளைப் பாட்டு. சேம்பையும் மஞ்சளையும் காக்க அடிக்கும் பன்றிப்பறை. குட்டியை இழந்த மந்தியின் ஓலம். இன்பமும் துன்பமும் தொழிலும் வழிபாடும் பேதமின்றிக் கலந்த இவ்வொலிகளையெல்லாம், மலையாகிய யானையின் மதமாகப் புலவர் பாவித்தமையால்தான் நூலுக்கே இப்பெயர் வாய்த்தது. முழவு உறங்குதலை அறியாத விழாக்களம் அந்த மலை என்பது அவர் தரும் முடிவு.

இத்தகைய மலையில் நுழையும் கலைஞனுக்கு அவர் விதிக்கும் ஒழுக்கமே என் உள்ளத்தை மிகவும் கவர்ந்தது. அரிய மரபுடைய கடவுளைக் கண்டால் தொழுதுவிட்டுச் செல்லுங்கள். வீணாக வாத்தியங்களைத் தொடாதீர்கள், தொட்டால் மழை கொட்டும் என்று எச்சரிக்கிறார். மலையைக் கடந்து அகலும்போது விறலியர் குறிஞ்சிப் பண் பாடிக் கைதொழ வேண்டும். அப்பாலுள்ள கவர்வழிகளில், போரில் மாண்ட மறவர்களின் பெயர் பொறித்து நட்ட கற்கள் பலவாக நிற்கும். அக்கற்களின் முன் தாளத்தோடு பாடி, தொன்றுதொட்ட மரபின்படி யாழை இசைத்துவிட்டு விரைந்து செல்ல வேண்டும். இறுதியில் நன்னனின் அவையில், மருதப் பண்ணுக்கு இசைகூட்டிய சீறியாழின் நரம்பைக் குரல் மீறாமல், முதலில் கடவுளைத் துதித்து, அதன்பின் புதிய பாடல்களைப் பாட வேண்டும். எங்கே மௌனம், எங்கே எந்தப் பண், யாருக்கு முதற்பாட்டு என்பதையெல்லாம் அறிந்தவனே கூத்தன் என்பது இதனால் விளங்கும்.

கற்களைப் பற்றிய செய்தி கற்பனை அன்று என்பதற்கு இப்பிரதேசமே சாட்சி. செங்கம் வட்டாரத்தில் பல்லவர் காலந்தொட்டு எழுத்துப் பொறித்த நடுகற்கள் ஏராளமாகக் கிடைத்திருக்கின்றன. தமிழ்நாடு அரசு தொல்பொருள் ஆய்வுத்துறை 1972-இல் அவற்றைச் செங்கம் நடுகற்கள் என்னும் நூலாகவே வெளியிட்டது. பாட்டில் வரும் நவிரமலையென்று அறிஞர் கருதும் பர்வதமலை இன்றும் சிவதலமாக வணங்கப்படுகிறது. ஜவ்வாது மலைமேல் வாழும் மலையாளி என்னும் பழங்குடி மக்கள் இன்றும் சாமை விளைத்துத் தேனெடுக்கின்றனர். செய்யாறு வட்டாரத்துப் புரிசை தெருக்கூத்துக்குப் பெயர்பெற்ற ஊராக இருக்கிறது. பழைய கூத்தரின் நேர் வாரிசுகள் இவ்வூர்க் கூத்தர் என்று சாதிக்க நான் முற்படவில்லை. ஆனால் கூத்தும் பாட்டும் இம்மண்ணில் வேரற்றுப் போகவில்லை என்பது மட்டும் நிச்சயம்.

மலைபடுகடாத்தை இலக்கிய மாணவர் பரீட்சைக்காகப் படிக்கின்றனர். சங்கீதம் பயில்வோர் பெரும்பாலும் படிப்பதேயில்லை. இசைக் கல்லூரிகளில் அதனைப் பாடமாக வைத்து, பயிலும் இளைஞரை ஒருமுறையேனும் செங்கத்துக்கும் ஜவ்வாது மலைக்கும் அழைத்துச் சென்று, அங்குள்ளோர் பாடும் பாட்டுகளையும் கேட்கச் செய்து, அவற்றை முறையாகப் பதிவு செய்து வைக்க வேண்டும். இசையறிஞர்கள் இக்கடமையை இனியும் தள்ளிப்போடலாகாது.