சவலை

பாட்டி இருந்தவரை எங்கள் வீட்டில் ‘சவலப் புள்ள’ என்ற சொல் அடிக்கடி புழங்கும். கை கால் சூம்பி, பாதம் மட்டும் வீங்கி, எதைக் கொடுத்தாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிணுங்கும் பிள்ளையைப் பார்த்தால் பாட்டி நோயைப் பற்றி விசாரிக்காது. “அவ அம்மா மறுபடி முழுகாம இருக்காளா?” என்றுதான் கேட்கும். தாய் அடுத்ததைச் சுமந்ததால் பால் மறக்கடிக்கப்பட்ட பிள்ளை சவலை பாயும் என்பது தோட்டத்துப் பெண்களுக்கு மனப்பாடம். அந்தக் கேள்வி ஒரு மருத்துவக் கண்டுபிடிப்பின் பாதி என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது.

1929இல் சிசிலி வில்லியம்ஸ் என்ற மருத்துவர் பிரிட்டிஷ் காலனிய மருத்துவச் சேவையில் சேர்ந்து கோல்டு கோஸ்டுக்குப் போனார். இன்றைய கானா அது. ஜமைக்காவில் பிறந்தவர், ஆக்ஸ்ஃபோர்டில் படித்தவர். அக்ராவின் குழந்தைகள் மருத்துவமனையில் ஒன்றிலிருந்து நான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் வந்துகொண்டே இருந்தார்கள். கையும் காலும் நீர் கோத்திருக்கும். வயிற்றுப்போக்கு, வாய்ப்புண், தீப்பட்டதுபோல் உரியும் தோல். ஆரம்பத்திலேயே கவனிக்கவில்லையென்றால் பெரும்பாலும் செத்துப்போனார்கள். இறந்த பிள்ளைகளை அவர் அறுத்துப் பார்த்தார். கல்லீரலில் கொழுப்பு மண்டியிருந்தது. தாய்ப்பால் போன பிறகு இந்தப் பிள்ளைகளுக்குக் கிடைத்தது அநேகமாக மக்காச்சோளக் கூழ் மட்டும்தான்.

1933இல் இதைக் கட்டுரையாக எழுதினார். லண்டனில் இருந்த பெரியவர்கள் இது ஏற்கெனவே தெரிந்த பெலாக்ரா நோய்தான் என்றார்கள். 1935இல் ‘லான்செட்’ இதழில் மறுபடி எழுதியபோது அங்குள்ள மக்கள் கா மொழியில் சொன்ன பெயரையே தலைப்பாக வைத்தார்: குவாஷியோர்கர். அடுத்தது பிறந்ததும் இடம் பறிபோன பிள்ளைக்கு வரும் நோய் என்று அவர் அதற்குப் பொருள் சொன்னார். நம் பாட்டிகள் கேட்ட அதே கேள்விதான். அக்ராவின் தாய்மார்களிடம் அதைக் காதுகொடுத்துக் கேட்க ஒரு மருத்துவர் இருந்தார்; நம் தோட்டங்களில் சவலை என்பது வெறும் பேச்சாகவே தங்கிவிட்டது. எனக்கு இதில் கொஞ்சம் வருத்தம் உண்டு.

1936இல் அவரை மலாயாவுக்கு மாற்றினார்கள். சிங்கப்பூரில் அவர் கண்டது வேறு விதமான சாவு. இங்கே பால் இருந்தது, ஆனால் டின்னில் இருந்தது. தாதியர்போல் வெள்ளை உடுத்திய விற்பனைப் பெண்கள் பிள்ளை பெற்றவர்களிடம் போய், தாய்ப்பாலைவிட இதுவே உசத்தி என்று இனிப்பூட்டிய பாலைத் தள்ளிவிட்டார்கள். சீனி மிகுந்த, உயிர்ச்சத்துக் குறைந்த பால். அதையும் காசு இல்லாத வீட்டில் நீர்க்கக் கரைத்தார்கள், கழுவாத புட்டியில் ஊற்றினார்கள். 1939இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் பேச அழைத்தபோது அவர் தன் உரைக்கு வைத்த பெயர் ‘பாலும் கொலையும்’. விருந்துக்கு வந்த கனவான்களிடம், இப்படிப் பிள்ளைகள் சாவதைக் கொலை என்றுதான் சொல்ல வேண்டும் என்றார்.

எங்கள் பாட்டி பால்மரம் வெட்டப் போனது இருட்டோடு. கைப்பிள்ளை ஆயாக்கொட்டகையில். “டின்னு பால கரச்சு வச்சிட்டுப் போவேன், வேற என்னா பண்றது?” என்று சொல்லும். அதன் குரலில் குற்ற உணர்வு இருந்ததா என்று இப்போது யோசிக்கிறேன். வில்லியம்ஸின் கோபம் விற்றவர்கள் மேல்தான். ஆனால் பழி கரைத்துக் கொடுத்தவர்கள் மேல் விழுவது சுலபம்.

1941 டிசம்பரில் ஜப்பானியர் கோத்தா பாருவில் இறங்கியபோது அவர் திரெங்கானுவில் இருந்தார். தப்பி சிங்கப்பூர் வந்து, பிறகு சாங்கிச் சிறையில் அடைபட்டார். கெம்பித்தாய் பிடியிலும் சில மாதங்கள். அந்தச் சிறையில் பிறந்த இருபது குழந்தைகளும் தாய்ப்பால் குடித்தார்கள், இருபதும் பிழைத்தார்கள் என்று அவரே பின்னாளில் சொன்னார். 1948இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் தாய் சேய் நலப் பிரிவுக்கு முதல் தலைவரானார்.

இனி கதை சுபமாக முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. 1996இல் ஸ்கோஃபீல்டும் ஆஷ்வொர்த்தும் ஐம்பது ஆண்டுக் கணக்குகளை அலசினார்கள். கடும் ஊட்டக்குறைவோடு மருத்துவமனையில் சேர்ந்த பிள்ளைகளில் நூற்றுக்கு 20 முதல் 30 பேர் இறப்பது அத்தனை காலமும் மாறவே இல்லை. வீக்கம் கண்ட பிள்ளைகளில் அது 50, 60 வரை போனது. நோய்க்குப் பெயர் தெரியும், மருந்து உணவுதான் என்பதும் தெரியும். அப்புறம் ஏன்?

காரணத்தின் ஒரு பகுதி வார்டுக்குள்ளேயே இருந்தது. பட்டினி கிடந்த உடம்பு எல்லாவற்றையும் சுருக்கிக்கொள்கிறது. இதயம், சிறுநீரகம் எல்லாம் அரைவேகத்தில் ஓடும். அந்தப் பிள்ளைக்கு நாம் பாவப்பட்டு நிறையச் சோறு கொடுத்தால் தாங்காது. வீக்கத்தை வற்றவைக்க நீர் பிரியும் மருந்து கொடுத்தால் ஆபத்து. வெளிறியிருக்கிறதே என்று முதல் வாரமே இரும்புச்சத்து கொடுத்தால் தொற்று மேலும் முற்றும். உள்ளே கிருமி இருக்கும், ஆனால் காய்ச்சல் அடிக்கக்கூட உடம்பில் தெம்பிராது. கையை வைத்துப் பார்த்துவிட்டு, சுடவில்லை என்று போய்விடுவார்கள். இரவில் யாரும் எழுப்பிப் பால் கொடுக்காவிட்டால் இரத்தத்தில் சர்க்கரை இறங்கும், உடம்பு சில்லிடும். காலையில் கட்டில் காலி. 1999இல் உலகச் சுகாதார நிறுவனம் வெளியிட்ட கையேடு இதையெல்லாம் பத்துப் படிகளாக வகுத்தது. முதல் இரண்டு படிகளே சர்க்கரையும் சூடும்தான். இரவும் பகலும் இரண்டு மூன்று மணிக்கொரு தடவை, கொஞ்சம் கொஞ்சமாகப் பால்.

ஊட்டக்குறைவு இல்லாத பிள்ளைகளிடத்திலும் இப்படியொரு அதிர்ச்சி காத்திருந்தது. கடும் காய்ச்சலோடு, இரத்த ஓட்டம் குன்றிய நிலையில் வரும் பிள்ளைக்கு உடனே நரம்பு வழியாக மளமளவென்று திரவம் ஏற்ற வேண்டும் என்பது பாடப்புத்தக விதி. கேத்ரின் மெய்ட்லண்ட் தலைமையில் உகாண்டா, கென்யா, தான்சானியாவில் 3,141 பிள்ளைகளிடம் இதைச் சோதித்தார்கள். அப்படித் திரவம் ஏற்றப்பட்டவர்களில் நூற்றுக்கு 10.5 பேருக்கு மேல் 48 மணி நேரத்துக்குள் இறந்தார்கள், ஏற்றப்படாதவர்களில் 7.3 பேர். 2011இல் சோதனையைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். இறந்தவர்களில் பெரும்பாலோர் முதல் நாளிலேயே போயிருந்தார்கள்.

வில்லியம்ஸ் 1992இல் காலமானார். எங்கள் பாட்டிக்கு ஏழு பிள்ளைகள், வளர்ந்தவர்கள் ஐந்து பேர். மூன்றாவதைப் பற்றிக் கேட்டால் பெயரைச் சொல்லும், அப்புறம், “ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம், ராத்திரி நல்லாத்தான் இருந்துச்சு” என்று மட்டும் சொல்லும்.